ஷேப்ஃபைலில் ஊர்ப்பெயர்கள் வெட்டுப்படுகின்றன: ஜியோபேக்கேஜுக்கு மாறலாமா?

கிரான்பாலம் (ஞாயிறு, இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் வெள்ளக் காலத்தில் வேலை செய்யும் ஒரு சிறு தொண்டர் குழுவுக்கு நான் வரைபடங்கள் செய்து கொடுக்கிறேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், என் சொந்தக் கணினி, ஒரு கோப்புறை நிறைய ஷேப்ஃபைல் என்ற வடிவத்தில் வரைபடத் தரவுக் கோப்புகள். எங்களிடம் உள்ளது இவ்வளவுதான்.

போன மாரியில் நடந்ததைச் சொல்கிறேன். கிரான் புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் ஏறிப் படகு ஓடத் தொடங்கிய நாள் அது. எங்கள் குழுப் பிள்ளைகள் இடைத்தங்கல் முகாம்களில் இருந்து குடும்பக் கணக்கை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டில் இருந்தபடி முகாம்களை ஒவ்வொன்றாகப் பதிந்து, பிரதேச செயலகப் பிரிவு வாரியாகக் கூட்டினேன். மாவட்டத்தில் 14 பிரிவுகள். எல்லாப் பிரிவிலும் ஒரு முகாமாவது இருந்தது. அட்டவணையில் வந்தவை 13 வரிகள். இரவு இரண்டு மணி. வரிகளை எண்ணிப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

காலையில் உலருணவுப் பொதிகளோடு ஒரு லொறி ஓட்டமாவடிக்குப் போனது. வாழைச்சேனைப் பக்கத்து முகாம்களுக்கு உரிய பொதிகளும் அதே லொறியில்தான் இருந்தன என்பது இறக்கியவர்களுக்குத் தெரியாது. ஒரு முகாமில் கைக்குழந்தைகளோடு இருந்தவர்கள் பின்னேரம் வரை காத்திருந்தார்கள். அங்கிருந்து அழைத்த பெண் சத்தம் போடவில்லை. "எங்கள் பெயர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். வாழைச்சேனைப் பக்கத்து முகாம்களுக்கு உரிய கோறளைப்பற்று மத்தியும் இல்லை, ஓட்டமாவடிக்கு உரிய கோறளைப்பற்று மேற்கும் இல்லை. இருந்தது "கோறளைப்பற்று ம" என்ற ஒரே வரி. இரண்டு பிரிவுகளின் குடும்பங்களும் அந்த ஒற்றை "ம"வுக்குக் கீழே கூட்டப்பட்டிருந்தன. "மண்முனைப்பற்று" கடைசி உகரம் போய் "மண்முனைப்பற்ற" என்று நின்றது. மண்முனை தென் எருவில் பற்று, "மண்முனை தென் எ" ஆகியிருந்தது.

அந்தப் பெயர்ப் பத்தியை உருவாக்கியபோது அகலம் 40 என்று கொடுத்திருந்தேன். 40 எழுத்து எந்த ஊருக்கும் போதும் என்று நினைத்தேன். "கோறளைப்பற்று மேற்கு" என்பதை விரல்விட்டு எண்ணினாலும் 40 வராது. பிறகு ஏன் வெட்டுப்பட்டது? ஷேப்ஃபைலை விட்டு ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்துக்கு மாறினால் இது தீருமா? மாறினால் வேறு என்ன கெடும்? அடுத்த மாரிக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.

வாவிமீன் (ஞாயிறு, இரவு 10.47)

தம்பி, அந்த 40 எழுத்துக் கணக்கு அல்ல, கணினிச் சேமிப்பை அளக்கும் பைட் கணக்கு. இதை ஒருமுறை கையால் எண்ணிவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது.

யூனிகோட் தமிழை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகிறது. குறி என்பது நாம் கண்ணால் காணும் எழுத்து அல்ல. "று" என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ற ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு குறிகள், 6 பைட். மெய்யின் மேல் இடும் புள்ளியும் தனிக் குறிதான். "கோறளைப்பற்று" என்பதில் 12 குறிகள் இருக்கின்றன, அதாவது 36 பைட். அடுத்த இடைவெளிக்கு 1. மீதம் 3 பைட். அதில் ஒரேயொரு "ம" அடங்கும். மத்தியும் ம, மேற்கும் ம. உங்கள் இரண்டு பிரிவுகளும் அங்கேதான் ஒன்றாகின. வடக்குக்கு "வ"வும் தெற்குக்கு "த"வும் கிடைத்ததால் அவை தப்பின. மண்முனை வடக்கைப் பாருங்கள்: மண்முனைக்கு 21, இடைவெளிக்கு 1, வடக்குக்கு 18. சரியாக 40. ஒரு புள்ளி கூடியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அகலத்தை 254 ஆக்கினாலும் இந்த வடிவத்தின் உச்சம் அதுதான். தமிழில் 84 குறிகள். ஒரு முகவரிக்குக்கூடப் போதாது.

பத்தித் தலைப்பு இதைவிட மோசம். ஷேப்ஃபைலில் தலைப்புக்கு 10 பைட்தான். ப, எகரக் கொம்பு, ய, ர, புள்ளி என்று "பெயர்" என்ற சொல்லுக்கு 5 குறிகள், 15 பைட். பத்தில் முழுதாக அடங்குவது "பெய" மட்டும். பெயர் என்ற சொல்லையே எழுத முடியாத ஒரு வடிவத்தில்தான் நாம் இத்தனை காலம் நம் ஊர்ப்பெயர்களை வைத்திருக்கிறோம். எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

இதில் யாருடைய வன்மமும் இல்லை. ஷேப்ஃபைலைக் கொண்டுவந்தது எஸ்ரி நிறுவனம், 1990களின் தொடக்கத்தில். 1998 ஜூலையில் அதன் உள்ளமைப்பை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அந்தத் திறந்த மனம்தான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. உருவங்கள் ஒரு கோப்பில், விவரங்கள் இன்னொரு கோப்பில். அந்த விவரக் கோப்பு டிபேஸ் என்ற 1980களின் தரவுத்தளத்திலிருந்து கடன் வாங்கியது. அந்தக் காலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். பத்து பைட் என்றால் பத்து எழுத்து. அவர்கள் கண் முன் தமிழ் இருந்திருக்கவில்லை.

ஜியோபேக்கேஜின் முதல் பதிப்பு 2014இல் வந்தது. ஓஜிசி என்ற திறந்த புவிவெளிக் கூட்டமைப்பின் தரம். உள்ளே இருப்பது எஸ்கியூலைட் தரவுத்தளம், உங்கள் கைப்பேசியில் உள்ள செயலிகள் பலவும் பயன்படுத்துவது. எழுத்து யூனிகோடிலேயே இருக்கும். அகலம் குறிப்பிட வேண்டிய கட்டாயமே இல்லை; குறிப்பிட்டாலும் அது எழுத்துக் குறிகளின் எண்ணிக்கை, பைட் அல்ல. தலைப்பைத் தமிழில் முழுதாக வைக்கலாம். கியூஜிஐஎஸ் 2018இல் மூன்றாம் பதிப்புக்கு வந்தபோது இதையே இயல்பான வடிவமாக வைத்தார்கள். மாறுங்கள். தயங்க ஒன்றும் இல்லை.

கிரான்பாலம் (ஞாயிறு, இரவு 11.05)

நன்றி அக்கா. தாளில் 14 பெயர்களையும் எழுதி எண்ணிப் பார்த்தேன். போரதீவுப்பற்று 42. அதுவும் வெட்டுப்பட்டிருக்கிறது, இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை.

பழையசங்கிலி (திங்கள், காலை 6.20)

தம்பிக்கும் பிள்ளைக்கும் வணக்கம். நான் நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன். 66 அடிச் சங்கிலியை இழுத்தவர்களிடம் தொழில் பழகினேன். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய தாள்களிலிருந்து கணினி வரைக்கும் வந்தவன். பிள்ளை சொன்ன பைட் கணக்கை இரண்டு தரம் வாசித்தேன், மிகத் தெளிவு. ஆனால் "தயங்க ஒன்றும் இல்லை" என்பதை ஏற்கமாட்டேன்.

முதலாவது, அலுவலகங்கள். தரவு கேட்டுக் கடிதம் எழுதினாலும் கொடுக்கப் போனாலும் அவர்கள் சொல்வது ஷேப்ஃபைல் என்றுதான். பழைய உரிமத்தோடு, பழைய பதிப்போடு ஓடும் கணினிகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளத்தின் நடுவில் "இந்தக் கோப்பு திறக்கவில்லை" என்று ஓர் உத்தியோகத்தர் சொன்னால் உங்கள் முழுத் தமிழ்ப் பெயரால் யாருக்கும் பயன் இல்லை.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. ஷேப்ஃபைலுக்கு முன் நாங்கள் வேலை செய்தது கவரேஜ் என்ற அமைப்பில். அதில் இரண்டு வட்டைகளுக்கு, அதாவது வயற்பகுதிகளுக்கு, நடுவில் உள்ள வரம்பு ஒரே ஒரு கோடாகத்தான் சேமிக்கப்படும். இடப்பக்கம் எந்த வட்டை, வலப்பக்கம் எந்த வட்டை என்பது அந்தக் கோட்டிலேயே எழுதியிருக்கும். வரம்பை நகர்த்தினால் இரண்டு வயலும் சேர்ந்து மாறும். நிலத்தில் உள்ளதும் அதுதானே? ஒரு வரம்புக்கு இரண்டு வயல்.

ஷேப்ஃபைல் அதை விட்டுவிட்டது. ஒவ்வொரு வயலும் தன் வரம்பைத் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். ஒன்றைத் திருத்தி மற்றதைத் திருத்தாமல் விட்டால் இடையில் ஒரு கீற்று தோன்றும், யாருக்கும் சொந்தமில்லாத நிலம். அல்லது ஒன்றன் மேல் ஒன்று ஏறி, இருவருக்கும் சொந்தமாகக் காட்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வயற்கண்டத்தின் வரைபடத்தில் இப்படி ஒரு கீற்றைப் பார்த்தேன். திரையில் நூல் அளவு. தரையில் போய் நின்றால் ஒரு வாய்க்காலின் அகலம். அந்த வாய்க்கால் யாருடைய பொறுப்பு என்று, வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் இரண்டு பக்கத்து விவசாயிகளும் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்போகத்துக்குத் தண்ணீர் விடும் நேரம்.

ஜியோபேக்கேஜ் இதைத் திருத்துகிறதா? இல்லை. அங்கேயும் ஒவ்வொரு வயலுக்கும் தனி வரம்புதான். புதியது என்று நீங்கள் சொல்வது பெட்டியை மாற்றியிருக்கிறது. உள்ளே உள்ள உருவத்தின் இலக்கணத்தை மாற்றவில்லை.

வாவிமீன் (திங்கள், காலை 8.31)

ஐயா, நீங்கள் சொன்ன இரண்டாவதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். தயங்க ஒன்றும் இல்லை என்று எழுதியது அவசரம். கியூஜிஐஎஸ்ஸில் திருத்தும்போது பொதுவான எல்லைகளைச் சேர்த்து நகர்த்தும் வசதி உண்டு, கீற்றுகளைக் கண்டுபிடிக்கும் சோதனையும் உண்டு. ஆனால் அது வேலை செய்பவரின் ஒழுக்கம், வடிவத்தின் காவல் அல்ல. எல்லை மாறாத வரைபடங்களுக்கு டோப்போஜேசன் போன்றவை பொதுக் கோட்டை ஒருமுறைதான் சேமிக்கின்றன. அவை இணையத்தில் காட்டத்தான், திருத்துவதற்கு அல்ல.

பெட்டி மட்டும்தான் மாறியது என்பதில் ஒன்றை மறுக்கிறேன். வரைபடத்தில் ஓர் இடத்தில் உள்ள உருவங்களை விரைவாகத் தேடும் அமைப்பு மாறியிருக்கிறது.

ஷேப்ஃபைலோடு திறந்த மென்பொருள்கள் உருவாக்கும் தேடல் கோப்பு நாற்கூறு மரம் என்ற அமைப்பில் உள்ளது. 1974இல் ஃபிங்கல், பென்ட்லி இருவரும் முன்வைத்த யோசனை. வரைபடத்தை நான்கு சதுரமாக்கு, ஒவ்வொன்றையும் மறுபடி நான்காக்கு. சிறு சதுரத்துக்குள் முழுதாக அடங்கும் வீடு ஆழத்தில் போய்ச் சேரும். நடுக்கோட்டின் குறுக்கே கிடக்கும் உருவம் மேல் மட்டத்திலேயே தங்கிவிடும். நம் மட்டக்களப்பு வாவியை நினையுங்கள். 50 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதை எந்தச் சிறு சதுரத்துக்குள் வைப்பது? அப்படிப்பட்டவை எல்லாம் மேலேயே கிடப்பதால், காத்தான்குடியில் ஓர் ஒழுங்கையைத் தேடினாலும் அவற்றை ஒவ்வொரு தரமும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஜியோபேக்கேஜில் உள்ளது ஆர் மரம். 1984இல் குட்மன் எழுதியது. இது நிலத்தை வெட்டுவதில்லை. அருகருகே உள்ள உருவங்களைச் சேர்த்து ஒரு செவ்வகத்தால் சுற்றுகிறது, அந்தச் செவ்வகங்களைச் சேர்த்துப் பெரிய செவ்வகம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடுகள் நெருங்கிய இடத்தில் சிறிய செவ்வகங்கள், படுவான்கரையில் வயல்வெளிக்குப் பெரியவை. கோடு எங்கே விழ வேண்டும் என்பதைத் தரவே சொல்கிறது.

நடைமுறையில் முக்கியமானது இன்னொன்று. ஷேப்ஃபைலில் தேடல் மரம் தனிக் கோப்பு. வேறொரு மென்பொருளில் உருவங்களைத் திருத்தினால் மரத்துக்கு அது தெரியாமல் போகலாம், புதிய முகாம் வரைபடத்தில் தோன்றாது. ஜியோபேக்கேஜில் மரம் அதே தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. ஒரு வரி மாறினால் மரமும் உடனே மாறும்படி கட்டளைகள் உள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

தோணாக்கரை (திங்கள், பகல் 1.15)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சாய்ந்தமருதில் இருந்து எழுதுகிறேன். ஷேப்ஃபைலிலும் அடிபட்டேன், ஜியோபேக்கேஜிலும் அடிபட்டேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன், தம்பிக்கு உதவும்.

எங்கள் ஊரின் தோணாவைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மழைநீர் கடலுக்குப் போகும் வழி. அதன் கரைகளை நாங்கள் சிலர் நடந்து நடந்து அளந்து வரைந்தோம். நண்பர் ஒருவர் அந்த ஷேப்ஃபைலைக் கேட்டார். "மூன்று கோப்பு இருந்தால் போதும்" என்று எங்கோ படித்தவர். உருவம், அதன் சுட்டி, விவரம் என மூன்றை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டார். இடங்களை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறை எது என்று எழுதியிருந்த சிறு கோப்பு எங்கள் கணினியிலேயே நின்றுவிட்டது.

நாங்கள் வரைந்தது எஸ்.எல்.டி. 99 என்ற 1999ஆம் ஆண்டு முறையில். அதில் தொடக்கப் புள்ளிக்கு 5 இலட்சம் மீட்டர் கிழக்கு, 5 இலட்சம் மீட்டர் வடக்கு என்று மதிப்பு. பழைய கந்தவல முறையில் அது 2 இலட்சம், 2 இலட்சம். அவருடைய கணினி பழைய முறை என்று எடுத்துக்கொண்டது. எங்கள் தோணா 300 கிலோமீட்டர் கிழக்கும் 300 கிலோமீட்டர் வடக்கும் தள்ளி வங்காள விரிகுடாவின் நடுவில் போய் விழுந்தது. அவ்வளவு தூரம் போனதால்தான் கண்டுபிடித்தோம். எங்கள் சாய்ந்தமருதுக் கரையில் கிழக்கு மதிப்பு ஆறு இலட்சத்துச் சொச்சம் என்றால் புதிய முறை, மூன்று இலட்சத்துச் சொச்சம் என்றால் பழைய முறை. இதை எல்லோரும் மனதில் வைத்திருங்கள்.

தமிழ் எழுத்து எந்த முறையில் இருக்கிறது என்று சொல்லும் இன்னொரு குட்டிக் கோப்பும் அன்றைக்குப் போகவில்லை. அவருடைய திரையில் ஊர்ப்பெயர் முழுவதும் தலையில் கோடு விழுந்த ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக வரிவரியாக ஓடியது.

ஜியோபேக்கேஜில் இந்த இரண்டும் கோப்புக்கு உள்ளேயே இருக்கின்றன, பிரிந்து போகாது. அதனால் மாறினேன். மாறிய பிறகு என்ன நடந்தது? ஒரு பின்னேரம் முழுக்கத் தோணாவின் வடகரையைத் திருத்தினேன். கியூஜிஐஎஸ்ஸை மூடவில்லை. அவசரத்தில் அந்த "ஒரே கோப்பை" மட்டும் பென்டிரைவில் பிரதி எடுத்தேன். வீட்டில் திறந்தால் பழைய கரை. காரணம், மென்பொருள் திறந்திருக்கும்போது புதிய மாற்றங்கள் முதலில் பக்கத்தில் உள்ள ஒரு துணைக் கோப்பில்தான் எழுதப்படும். அதே பெயரின் பின்னால் ஒட்டோடு இரண்டு கோப்புகள் தெரியும். மென்பொருளை முறையாக மூடினால் அவை முதன்மைக் கோப்புக்குள் சேர்ந்து மறைந்துவிடும். அந்த இரண்டும் பக்கத்தில் இருக்கும் வரை பிரதி எடுக்க வேண்டாம்.

இன்னொன்று: அலுவலக வலையமைப்பில் பகிர்ந்த கோப்புறையில் வைத்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டாம். எஸ்கியூலைட் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

கிரான்பாலம் (திங்கள், பகல் 1.40)

தோணாக்கரை நானா, இப்படிப்பட்ட துணைக் கோப்புகளை நான் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவது உண்டு. நல்ல வேளை, எழுதினீர்கள்.

கல்லடிக்காற்று (திங்கள், மாலை 4.02)

மாற்றுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பழைய கோப்புகளில் பெயர்கள் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கலாம். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எங்கள் பாடசாலை வரைபடத்தில் பாதி அப்படித்தான் இருந்தது. ஜியோபேக்கேஜில் போட்டாலும் அது அப்படியே இருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

வாவிமீன் (திங்கள், இரவு 9.26)

மாற்றிய பிறகும் கவனம் வேண்டும். "கோ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரத்துக்கு உரிய ஒற்றைக் குறி. அல்லது ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று பிரித்து. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கணினிக்கு வெவ்வேறு சொற்கள். பாமினியிலிருந்து மாற்றும் அரைகுறை மாற்றிகள் சில, பிரித்த வடிவத்தைத் தருகின்றன. அப்போது ஒரே "கோறளைப்பற்று" உங்கள் அட்டவணையில் இரண்டு வரியாக வரும். போன மாரியில் இரண்டு பிரிவு ஒன்றானது, அடுத்த மாரியில் ஒரு பிரிவு இரண்டாகும்.

இதற்கு எந்தக் கோப்பு வடிவமும் மருந்து அல்ல. யூனிகோடில் இயல்பாக்கம் என்று ஒரு விதி இருக்கிறது, பிரிந்தவற்றைச் சேர்த்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி. எல்லாப் பெயர்களையும் அதன் வழியே ஒருமுறை அனுப்புங்கள்.

அதைவிட, பெயரை வைத்துக் கூட்டாதீர்கள் தம்பி. கிராம உத்தியோகத்தர் பிரிவு வரைக்கும் அரச புள்ளிவிவரங்களில் எண் குறியீடு உண்டு. மட்டக்களப்பு மாவட்டம் 51, அம்பாறை 52. கணக்கைக் குறியீட்டால் கூட்டுங்கள், பெயரை மனிதர் வாசிப்பதற்காக முழுதாக வையுங்கள். குறியீட்டை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள். முன்னால் பூச்சியம் வந்தால் தொலையாது.

உகந்தைவழி (திங்கள், இரவு 10.10)

பொத்துவிலில் இருந்து ஒரு கேள்வி. வரைபடத்தைத் திருத்துபவர் ஒருவர், பார்ப்பவர்கள் நூறு பேர். அவர்கள் கையில் சாதாரணக் கைப்பேசி, மழையில் சிக்னலும் மெலிவு. அவர்களுக்கு ஜியோபேக்கேஜைக் கொடுத்து என்ன செய்வது? ஜியோஜேசன் போதாதா?

வாவிமீன் (திங்கள், இரவு 10.38)

சில நூறு புள்ளிகள் என்றால் ஜியோஜேசன் போதும். வெறும் எழுத்துக் கோப்பு, எந்த உலாவியும் படிக்கும். 2016இல் வந்த அதன் தரத்தின்படி அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும்தான், எங்கள் இலங்கைக் கட்டத்தின் மீட்டர் ஆள்கூறுகள் அதில் வராது. தேடல் மரமும் இல்லை, ஆகவே ஓர் ஊரைப் பார்க்கவும் முழுக் கோப்பும் இறங்க வேண்டும். மாவட்டம் முழுவதும் வீடு வீடாகக் காட்டுவது என்றால் அது சரிவராது.

அதற்கு ஃபிளாட்ஜியோபஃப் இருக்கிறது. ஆர் மரத்தைக் கோப்பின் முன்பகுதியில் இறுக்கி அடுக்கி வைத்திருக்கும். உலாவி முதலில் அந்த மரத்தைப் படித்து, திரையில் தெரியும் இடத்துக்கு உரிய பைட்டுகளை மட்டும் சேவையகத்திடம் கேட்டு வாங்கும். திருத்த முடியாது, படிக்க மட்டும். பின்னணி வரைபடத்துக்குப் பிஎம்டைல்ஸ் அதே முறையில் வேலை செய்யும். திருத்துவது ஜியோபேக்கேஜில்; பார்ப்பதற்கு அதிலிருந்து இவற்றில் ஒன்றை எடுத்து ஏற்றுங்கள்.

பழையசங்கிலி (செவ்வாய், காலை 6.05)

இரவெல்லாம் யோசித்தேன். மூலப் பிரதியை ஜியோபேக்கேஜில் வையுங்கள் தம்பி. அலுவலகம் கேட்டால் அதிலிருந்து ஒரு ஷேப்ஃபைல் எடுத்துக் கொடுங்கள். அதில் தலைப்புகளைப் பத்து எழுத்துக்கு அடங்கும் ஆங்கிலத்தில் வையுங்கள், குறியீட்டுப் பத்தி கட்டாயம் இருக்கட்டும், எந்தத் தலைப்பு எதைக் குறிக்கிறது என்று ஒரு தாளும் வையுங்கள். கொடுக்கும் பிரதியில் ஒருபோதும் திருத்தம் செய்யாதீர்கள். நாங்கள் மூலத் தாளைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அதைப் பார்த்து எடுத்த பிரதியைத்தான் வெளியே அனுப்புவோம். அதே முறைதான்.

இன்னும் ஒன்று. ஒரு முகாமில் கணக்கெடுக்க முடியாமல் போனால் என்ன பதிகிறீர்கள்? ஷேப்ஃபைலில் எண் பத்தியை வெறுமையாக விட்டால் சில மென்பொருள்கள் அதைப் பூச்சியம் என்று எழுதிவிடும். "இன்னும் போகவில்லை" என்பதும் "ஒருவரும் இல்லை" என்பதும் ஒன்றாகிவிடும். வெள்ளத்தில் அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது.

கிரான்பாலம் (சனி, இரவு 8.50)

நான்கு நாள் எடுத்தது. என்ன செய்தேன் என்று எழுதுகிறேன்.

பழைய கோப்புறையை முதலில் அப்படியே பிரதி எடுத்துத் தனியே வைத்தேன். கியூஜிஐஎஸ்ஸில் அடுக்குகளைப் பொதியாக்கும் கருவி ஒன்று இருக்கிறது. முகாம்கள், பிரிவு எல்லைகள், வீதிகள், குளங்கள் எல்லாவற்றையும் ஒரே ஜியோபேக்கேஜில் சேர்த்தேன். நிறங்களையும் குறிகளையும்கூட உள்ளேயே சேமிக்க முடிந்தது. 61 கோப்புகள் இருந்த இடத்தில் ஒன்று.

வெட்டுப்பட்ட பெயர்கள் திரும்பி வரவில்லை. "கோறளைப்பற்று ம" புதிய கோப்பிலும் "கோறளைப்பற்று ம"வாகவே வந்து நின்றது. முகாம்களின் புள்ளிகளைப் பிரிவு எல்லைகளோடு பொருத்தி எந்தப் பிரிவுக்குள் விழுகிறது என்று பார்த்துக் குறியீடு கொடுத்தேன். எல்லைக் கோட்டை ஒட்டி நான்கு முகாம்கள். பழையசங்கிலி ஐயா சொன்ன கீற்று ஒன்று சரியாக மத்திக்கும் மேற்குக்கும் நடுவில் இருந்தது. ஒரு முகாம் அதற்குள் விழுந்து எந்தப் பிரிவிலும் இல்லாமல் போனது. அந்த நான்குக்கும் எங்கள் பிள்ளைகளின் கையெழுத்துக் குறிப்பேடுகளைத் தேடி எடுத்தேன். ஒன்று மழையில் நனைந்து தாள்கள் ஒட்டியிருந்தன. பேனா மை பரவியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. அதில் ஒரு தங்கை பிரிவின் பெயரை முழுதாக, கீழே கோடு போட்டு எழுதியிருந்தாள்: கோறளைப்பற்று மத்தி. அன்று என்னை அழைத்த அந்தப் பெண் இருந்த முகாம் அதுதான்.

பெயர்களை இயல்பாக்கினேன். அக்கா சொன்னது போலவே இரண்டு விதமான "கோ" இருந்தன. 11 வரிகள் பிரித்த வடிவம். இப்போது குறியீட்டால் கூட்டினாலும் 14, பெயரால் கூட்டினாலும் 14.

நேரத்துக்கும் ஒரு பத்தி வைத்திருக்கிறேன். பழைய வடிவத்தில் தேதி மட்டும்தான் பதிய முடிந்தது, மணி இல்லை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு எத்தனை மணிக்குத் திறந்தார்கள், நாங்கள் பார்த்த இடத்தில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறியது என்பதை இனி ஒரே வரியில் எழுதலாம். குடும்ப எண்ணிக்கை வெறுமையாக இருந்தால் அது வெறுமையாகவே நிற்கிறது, சிவப்பு வட்டமாகத் தெரியும்படி செய்திருக்கிறேன். சிவப்பு என்றால் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் தீரவில்லை. களத்தில் பதியும் கியூஃபீல்ட் என்ற கைப்பேசிச் செயலியோடு மூன்று பேர் மூன்று பக்கம் போய், மூன்று பிரதிகளில் திருத்திக்கொண்டு வந்தால் எப்படிச் சேர்ப்பது?

தோணாக்கரை (சனி, இரவு 9.33)

நாங்கள் பகுதியைப் பிரித்துக்கொள்கிறோம் தம்பி. ஒருவர் தொடும் பகுதியை மற்றவர் தொடுவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் யார் பதிந்தது, எப்போது பதிந்தது என்று இரண்டு பத்திகள். தானாக வரும் வரிசை எண்ணை நம்ப வேண்டாம்; மூன்று பிரதியிலும் 57 என்ற எண் மூன்று வெவ்வேறு முகாமாக இருக்கும். மீண்டும் வராத நீண்ட அடையாளம் ஒன்றைச் செயலியே உருவாக்கும், அதை வையுங்கள். சேர்ப்பது ஒரே கணினியில், ஒரே ஆள். அதிகம் பேர் சேர்ந்தால் போஸ்ட்கிரெஸ் போன்ற சேவையகத் தரவுத்தளத்துக்குத்தான் போக வேண்டும். சிறு குழுவுக்கு இது போதும்.

பழையசங்கிலி (ஞாயிறு, காலை 6.12)

தம்பி, அகலத்துக்கு எல்லை இல்லை என்று பிள்ளை சொன்னதே, அப்படியானால் இன்னொரு பத்தி சேருங்கள். ஊரார் வழங்கும் பெயர். வட்டைக்கும் ஓடைக்கும் துறைக்கும் மக்கள் சொல்லும் பெயர்கள் அரச தாளில் இல்லை. முகாமுக்கு வழி கேட்டால் அவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். என்னிடம் பழைய களக் குறிப்பேடுகள் மூன்று இருக்கின்றன. கண் முன்போல் இல்லை. யாராவது வந்தால் நான் வாசித்துச் சொல்கிறேன், அவர் பதியலாம்.

கிரான்பாலம் (ஞாயிறு, காலை 7.01)

பத்தியைச் சேர்த்துவிட்டேன் ஐயா. தலைப்பு "ஊரார் வழங்கும் பெயர்". முழுதாக நிற்கிறது. போயா விடுமுறையன்று குறிப்பேட்டில் கோடு போட்ட அந்தத் தங்கையையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.